கரடி ஊரிலிருந்து பபூன் மலைக்கு

சவூதி அரேபியாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போகச் சொன்னவள் என் மனைவி செல்வி. மலைதானே, குளிராமலா இருக்கும் என்றாள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அல் பாஹா மலைப்பாதையில் மூடுபனிக்குள் பிக்கப் பஞ்சராகி நின்றபோது எனக்குப் பல் தந்தியடித்தது. அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

டிரைவர் குல் கான் பெஷாவர் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். எனக்கு அரைகுறை இந்தி, அவருக்கு அவசர உருது. இருவரும் குனிந்து டயர் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வண்டியின் பின்பக்கம் தொம்தொம்மென்று சத்தம். நிமிர்ந்து பார்த்தால் ஏழெட்டு பபூன்கள். நாய் முகம், தோளில் சாம்பல் சால்வை போர்த்தியதுபோல ரோமம், பின்புறம் மட்டும் தோலுரிந்த சிவப்பு. எங்கள் ஊர்க் குரங்குகளைப்போல இரண்டு மடங்கு இருக்கும். கேம்ப்புக்குப் போகவேண்டிய தக்காளிப் பெட்டியும் ரொட்டிக் கட்டும் கண் மூடித் திறப்பதற்குள் பாறைக்கு மேலே போய்விட்டன. கடைசியாக ஒரு பெரிய ஆண் என் துணிப்பையைத் தூக்கிக்கொண்டது.

அதில் இரண்டு கிலோ ஊட்டி வர்க்கி இருந்தது. கேம்ப்பில் இருக்கும் தமிழ் ஆட்களுக்கென்று செல்வி கட்டிக்கொடுத்தது. அந்த ஆண் சாலைச் சுவரில் சாவகாசமாக உட்கார்ந்து, கவரைப் பல்லால் கிழித்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. இடையிடையே என்னையும் பார்த்துக்கொண்டது.

"டயரைப் பார் பாய், அவனைப் பார்க்காதே. போனது போனதுதான்" என்றார் குல் கான்.

அந்தக் கூட்டத்தை விரட்டத்தான் கோயம்புத்தூரிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்கள்.

என் வேலை வேலி போடுவது. சூரிய ஒளியில் ஓடும் மின்வேலி. தொட்டால் சுரீரென்று ஓர் அடி விழும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே எங்களுக்குக் கரடி அக்கம்பக்கத்து ஆள் மாதிரி. கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயை நக்க வரும். ரேஷன் கடைக் கதவைப் பெயர்க்கும். பலா பழுத்தால் வாசலுக்கே வந்து நிற்கும். கரடிக்கு வேலி போட்டவன் என்ற பெயர்தான் என்னைக் கடல் தாண்டி இழுத்து வந்தது. மலைச்சாலையில் சுரங்கம் குடையும் ஒரு கம்பெனியின் கேம்ப்பில் குரங்குத் தொல்லை, ஒரு வாரத்தில் சரி செய்ய வேண்டும் என்று எங்கள் முதலாளிக்குச் செய்தி வந்திருந்தது.

கேம்ப் ஒரு சரிவில் இருந்தது. தகர அறைகள் நான்கு வரிசை. பின்னால் செங்குத்தான பாறை, அதன் இடுக்குகளில் ஜுனிபர் மரங்களும் சப்பாத்திக்கள்ளியும். மூடுபனி விலகியபோது கீழே படிப்படியாக இறங்கும் வயல்களும் கல்லில் கட்டிய பழைய கோபுரங்களும் தெரிந்தன. படிப்படியாக இறங்கும் வயல் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் அந்தப் படிகளில் கேரட்டும் பீட்ரூட்டும் இருக்கும், இங்கே இலையுதிர்த்த மாதுளை நின்றது. சரிவுக்கு நடுவில் சமையல்கூடம். அதற்குள்ளிருந்து வந்த சாம்பார் மணம் மூக்கில் ஏறியதும் குளிர் பாதி போய்விட்டது.

"வாங்க சார், வர்க்கியப் பறிகொடுத்துட்டு வந்தீங்களாமே" என்றார் சமையல்காரர். அதற்குள் குல் கான் சொல்லியிருந்தார். பெரம்பலூர் பக்கத்து ராஜேந்திரன். எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். சோற்றைப் போட்டு, சாம்பார் ஊற்றி, கோஸ் பொரியல் வைத்தார். "இது கடைசிச் சாம்பாரா இருந்தாலும் இருக்கும். நல்லா சாப்பிடுங்க."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு வாரம் முன்னால் கொத்தனார் முருகேசனை ஒரு பபூன் கையில் கடித்துவிட்டது. ஒன்பது தையல். கேம்ப் மேனேஜர் ஹுசாம் என்ற எகிப்து இன்ஜினியர், சமையல்கூடம் இருப்பதால்தான் குரங்கு வருகிறது, அதை மூடிவிட்டு டவுனிலிருந்து பொட்டலச் சாப்பாடு தருவிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரு வாரம் தவணை. நான் நிறுத்தினால் சமையல்கூடம் இருக்கும். இல்லையென்றால் கலாஸ், முடிந்தது.

"பொட்டலச் சாப்பாடுன்னா என்ன சார்? காலையில ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராத்திரி ஆறிப்போன சோறு" என்றார் போர்மேன் தங்கராசு. முதுகுளத்தூர்க்காரர், பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் வரும். "நாள் முழுக்கச் சுரங்கத்துக்குள்ள தூசி. டூட்டி முடிஞ்சு வந்தா, மாஸ்டர் ரசம் வச்சிருப்பாருன்னு ஒரு நெனப்பு இருக்குல்ல. அதையும் புடுங்கிட்டா என்ன இருக்கு இங்க?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "வேலி வரட்டும். ரெண்டு நாள்ல ஒரு குரங்கு உள்ள வராது."

வேலிதான் வரவில்லை. மின்துடிப்பு தரும் பெட்டியும் பேட்டரியும் ஜித்தாவில் சுங்கச் சோதனையில் நின்றுவிட்டன. கம்பிகளும் சுவிட்சும் நிரம்பிய ஒரு கருப்புப் பெட்டியை முன்பின் தெரியாதவர்கள் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். அதற்கு ஒரு தாள் வேண்டும், அந்தத் தாளுக்கு இன்னொரு தாள் வேண்டும் என்றார்கள். ஊர் திரும்பும்வரை அந்தப் பெட்டியை நான் கண்ணால் பார்க்கவே இல்லை.

இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்குக் கூட்டம் பாறையிலிருந்து இறங்கியது. எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன், அறுபதுக்குக் குறையாது. குப்பைத் தொட்டிகளைக் கவிழ்த்தன. குழாயில் சொட்டிய தண்ணீரைக் குடித்தன. ஒன்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு முழு வெங்காய மூட்டையை இழுத்துப் பார்த்தது. ஆட்கள் கல்லை எறிந்தார்கள். அவை நான்கடி நகர்ந்து உட்கார்ந்துகொண்டன. நான் வெறும் கையோடு நின்றேன். வேலி நிபுணர் என்று என்னைக் காட்டி யாரோ சிரித்தது காதில் விழுந்தது.

மத்தியானம் ஊருக்குப் போன் போட்டேன். கார்டு வாங்கிச் சுரண்டி, நம்பர் நம்பராக அமுக்கிப் பேச வேண்டிய காலம் அது. நடந்ததையெல்லாம் செல்வியிடம் சொன்னேன்.

"ஏங்க, நம்ம லைன்ல கரடி நின்னது வேலியாலயா?" என்றாள்.



இதை இங்கே எழுதியே ஆக வேண்டும். எங்கள் லைனில் இருபது வீடுகள். கொழுந்து பறிக்கப் போன ஒரு பெண்ணின் தோளைக் கரடி கிழித்த பிறகு, நான் கம்பெனியில் பேசி வேலி போட்டேன். ஒரு மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தது. பேட்டரியை யாரோ கழற்றிப் போனார்கள். மிச்சமிருந்த வேலியைச் சுற்றிக்கொண்டு கரடி உள்ளே வந்தது. அதன் பிறகு வீடு வீடாக ஏறி இறங்கியவள் செல்வி. இருட்டுவதற்குள் எச்சில் இலை, மீன் கழுவிய தண்ணீர், எதுவும் வெளியே இருக்கக்கூடாது. எண்ணெய் டின் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். பலாவைப் பிஞ்சிலேயே இறக்கிக் கறி வைத்துவிட வேண்டும். பூசாரியிடம் போய், பூஜை முடிந்ததும் விளக்கைத் துடைத்து எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சண்டை போட்டாள். இரண்டு மாதத்தில் கரடி சோலைக்காட்டு ஓரமாகவே போக ஆரம்பித்தது. அது இன்னும் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம். ஆனால் கரடியை நிறுத்திய பெயரை ஊர் வேலிக்காரனான எனக்குக் கொடுத்தது. நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"அங்க குரங்கு என்னத்துக்கு வருதுன்னு மொதல்ல பாருங்க. வந்தா ஒண்ணும் கெடைக்காதுன்னு அதுக்குத் தெரியணும். அவ்வளவுதான்" என்றாள். கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

அன்று மாலை டூட்டி முடிந்து வந்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். வேலி வராது. எங்கள் ஊரில் கரடியை நிறுத்தியது என் வேலி இல்லை, என் வீட்டுக்காரி. அவள் செய்த மாதிரி செய்து பார்க்கலாமா? யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கரடியும் குரங்கும் ஒண்ணா சார்?"

ஒன்றில்லை. கரடி மூக்கால் வரும், இரவில் வரும், தனியாக வரும். இவை கண்ணால் பார்த்து வருகின்றன, பட்டப்பகலில், குடும்பத்தோடு. மூடியைத் திறக்கும் கை வேறு இருக்கிறது. அதனால் மணத்தை அடைத்தால் போதாது, கண்ணிலும் படக்கூடாது. இவ்வளவும் அந்த இரவுச் சாப்பாட்டுக்குள் பேசி முடிவானது. பேசியது நான் மட்டுமில்லை. "காய்கறி வண்டிய அதுங்க பாறை மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கும் சார், வண்டி சத்தம் தெரியும் அதுக்கு" என்று சொன்னது ஒரு வெல்டர். மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. ஒரு மனிதன்கூடத் தூங்கவில்லை. சைட்டில் கிடந்த காலி டிரம்களுக்கு மூடி வெட்டி, கீல் வைத்து, போல்ட் போட்டார்கள். சமையல்கூட ஜன்னல்களில் முறுக்குக் கம்பியை நெருக்கமாக வைத்துப் பற்றவைத்தார்கள். ஒழுகும் குழாய்களுக்கு வாஷர் மாற்றினார்கள். காய்கறி வண்டி இனி ஜெனரேட்டர் ஷெட்டுக்குள் போய், ஷட்டரை இறக்கிய பிறகுதான் சரக்கை இறக்கும். எச்சில் மிச்சம் தினமும் தார்ப்பாய் மூடி டவுனுக்குப் போகும். மத்தியானம் மாஸ்டர் கோழிக் குழம்பு வைத்தார். குல் கான் எங்கிருந்தோ அந்த ஊர் ரொட்டி கொண்டுவந்தார், சூடான கல்லில் சுட்டது, தலையணை கனம். பிய்த்து, நெய்யும் தேனும் ஊற்றித் தின்றோம். சாலையோரத்தில் எங்கு பார்த்தாலும் தேன் விற்கிறார்கள். எங்கள் கரடிகள் இங்கே வந்தால் திரும்பிப் போகாது என்றேன். குல் கானுக்கு அதை இந்தியில் புரியவைப்பதற்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது.

நான்காம் நாள் நிலைமை மோசமானது. பசித்த கூட்டம் கோபத்தோடு வந்தது. டிரம்களை உருட்டின. கொடியில் காய்ந்த துணிகளைக் கிழித்தன. டிவி ஆன்டெனாவை முறித்தன. இப்படித்தான் இருக்கும், கரடியும் முதல் வாரம் கதவைப் பிராண்டிவிட்டுத்தான் போகும் என்று சொல்லிவைத்திருந்தேன். ஆனாலும் தங்கராசு முகம் வாடியது. ஐந்தாம் நாளும் அதே கதை. அதிலும் ஒரு விசித்திரம். கூட்டம் போன பிறகும் ஒரே ஒரு பெண் பபூன், வயிற்றைக் கட்டிப்பிடித்திருந்த குட்டியோடு, மூன்றாம் வரிசையின் கடைசி அறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அது கொத்தனார் முருகேசனின் அறை. கையில் கட்டு இருந்ததால் அவர் டூட்டிக்குப் போகாமல் உள்ளே இருந்தார். அறந்தாங்கி பக்கம், முப்பத்தைந்து வயது. கதவைத் தட்டி உள்ளே போய் உட்கார்ந்தேன். நான் ஒன்றும் கேட்பதற்குமுன் அவரே சொன்னார்.

"நான்தான் சார் ரொட்டி போட்டுப் பழக்கினேன். ஒரு வருசமா."

"யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது. குட்டி பொறந்து நாலு நாள்ல கொண்டாந்து காட்டுச்சு சார். எனக்கு ஊர்ல பொண்ணு பொறந்து ரெண்டு வருசமாச்சு, நான் இன்னும் பாக்கல. லீவு கேட்டா மாஃபி, இல்லேன்னுட்டாங்க. இது தினம் வரும். அன்னிக்கு ரூம்ல ரொட்டி இல்ல. வெறுங்கைய நீட்டினேன். பக்கத்துல நின்ன பெரிய ஆண் பாஞ்சு கடிச்சிருச்சு." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "என்னாலதான எல்லாருக்கும் சோறு போகப் போவுது. மேனேஜருக்குத் தெரிஞ்சா என்னை ஊருக்கு அனுப்பிருவான். போகணும்னுதான் இருக்கு. ஆனா இப்பிடி இல்ல."

கரடிக்குட்டிக்கு இட்லி போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் நல்ல மனிதர்கள். குட்டி வளர்ந்து கதவைத் தட்டும்போதுதான் பயப்படுவார்கள். இதை அவரிடம் சொன்னேன். பிறகு கேட்டேன்: "இப்பவும் போடுறீங்களா?"

"நேத்து போட்டேன் சார்."

கோபம் வந்தது. அறுபது பேர் வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை விட்டு டிரம்முக்கு மூடி அடித்திருக்கிறார்கள். ஆனால் அந்த மனிதன் முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை. "முருகேசன், அது உங்க கைக்காகத்தான் இங்க நிக்குது. நீங்க நிறுத்தினா போயிரும். அதுவும் பொழைக்கும், குட்டியும் பொழைக்கும். பாறை முழுக்கக் கள்ளிப்பழம் காய்க்குது. நீங்க நிறுத்தலன்னா, ஒரு நாள் யாராவது வெஷம் வைப்பாங்க."

அன்று மாலை சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தானே சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை. வசவு விழும் என்று நினைத்தேன். தங்கராசு தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சரிப்பா. நாளையிலேர்ந்து காலையில காவல் உன் பொறுப்பு. உனக்குத்தான் அதுங்க போக்குவரத்து தெரியும்" என்றார். வெளியே போகாத ரகசியமாக அது அந்தக் கேம்ப்புக்குள்ளேயே தங்கியது. இங்கே எழுதும்போது பெயரை மாற்றியிருக்கிறேன்.

ஆறாம் நாள் காலை முருகேசன் பாறையடியில் ஒரு தகர டப்பாவோடு நின்றார். கல் எறியவில்லை. கூட்டம் இறங்கத் தொடங்கியதும் டப்பாவைத் தட்டினார். இறங்கும் வழிகளெல்லாம் அவருக்கு அத்துபடி. எங்கே நின்றால் பெரிய ஆண் தயங்கும் என்று அறிந்து அங்கே நின்றார். அந்தப் பெண் பபூன் வந்து அவருக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தது. குட்டி அதன் வயிற்றிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. முருகேசன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு கை கட்டோடு, ஒரு கை டப்பாவோடு. வெகுநேரம் அப்படியே நின்றார். தாய் எழுந்து, திரும்பி, மேலே ஏறிப் போனது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மேனேஜர் ஹுசாம் ஏழாம் நாள் வருவதாகச் சொல்லிவிட்டு எட்டாம் நாள் காலையில் வந்தார். சரியாகக் கூட்டம் இறங்கும் நேரம். வேலியைத் தேடினார். "எங்கே உங்கள் கம்பி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பாறையைக் காட்டினேன்.

பெரிய ஆண் இறங்கி வந்தது. ஒரு டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்து மூடியை இழுத்தது, போல்ட்டை நகத்தால் சுரண்டியது. ஜன்னல் கம்பியில் மூஞ்சியை வைத்துப் பார்த்தது. குழாயடிக்குப் போனது, ஈரமில்லை. நாற்பது ஐம்பது ஆட்கள் டீ கிளாஸோடு வாசலில் நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை. ஒருவர் கையிலும் தின்பண்டமில்லை. அது அவர்களை ஒருமுறை பார்த்தது. பிறகு, கடையடைப்பென்று தெரிந்து திரும்பும் ஆளைப்போல, கள்ளிப்புதர் பக்கம் நடந்தது. கூட்டம் பின்னால் போயிற்று.

ஹுசாம் ஒரு டிரம் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். "இதை யார் செய்தது?"

"இவங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். கையைக் காட்டியதால் புரிந்திருக்கும்.

அவர் சமையல்கூடத்துக்குள் போனார். மாஸ்டர் ஒரு டம்ளர் ரசத்தை நீட்டினார். மேனேஜர் குடித்து, இருமி, கண்ணில் நீர் வர மறுபடி நீட்டினார். "கலாஸ். கிச்சன் இருக்கட்டும்" என்றார். அதைக் கேட்டு யாரும் கூச்சல் போடவில்லை. தங்கராசு மட்டும், "யல்லா, கெளம்புங்க, டூட்டிக்கு நேரமாச்சு" என்று எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றினார். அன்று அவர்கள் பஸ்ஸுக்குப் போன நடையை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாரம் முன்னால் நான் வந்தபோது அந்த நடை இல்லை.

செல்விக்குப் போன் செய்து, எல்லோரிடமும் உன் பெயரைச் சொல்லிவிட்டேன் என்றேன். "அங்க சொல்லி என்ன? இங்க வந்து நம்ம லைன்ல சொல்லுங்க" என்றாள். திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். அது தனிக் கதை.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில், அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் இன்னொரு கேம்ப்பிலிருந்து செய்தி வந்தது. அங்கே பாகிஸ்தான், வங்காளதேச ஆட்கள். அவர்களுக்கும் இதே தொல்லை. குரங்கை நிறுத்திய உஸ்தாதை, அந்த நிபுணரை, உடனே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். குல் கான் வண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"எனக்கு மத்தியானம் ஜித்தா போகணும். மாஸ்டரக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றேன்.

ராஜேந்திரன் மாஸ்டர் அறைக்குள் போய், ஊருக்குப் போகும்போது போடுவதற்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். மாதிரி காட்ட ஒரு டிரம் மூடியை முருகேசன் தூக்கி வந்தார். லேபர் ஆட்கள் எப்போதும் ஏறுவதுபோல மாஸ்டர் நேராக வண்டியின் பின்பக்கம் போய், கைலியை மடித்துக் கட்டி, சட்டை அழுக்காகாமல் பார்த்துக்கொண்டு, டயரில் ஒரு காலை வைத்தார்.

குல் கான் இறங்கிச் சுற்றிவந்தார். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"அங்கே இல்லை. முன்னால் உட்காருங்கள், உஸ்தாத்" என்றார்.